எங்கள் ஊர் ஆர்.ஓ. தண்ணீர் மையம்: ஐந்து ரூபாய்க்கு ஒரு கேன்

பென்னாகரம் பக்கம் எங்கள் கிராமம். போர் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு அதில் அதிகம். என் வயதுக்காரர்கள் சிரித்தாலே முன்பல்லில் காவிக் கோடு தெரியும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிய பிறகு காவிரித் தண்ணீர் வரும் நாளில் கவலை இல்லை. வராத நாளில் கேனைத் தூக்கிக்கொண்டு போவது இந்த ஆர்.ஓ. மையத்துக்குத்தான். மெம்பரேன் என்கிற மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி, உப்பையும் ஃபுளோரைடையும் பிரித்துக் கழிவுக் குழாயில் தள்ளும் இயந்திரம் அது.

ஐந்து ரூபாய் காசு போட்டால் 20 லிட்டர். குடிக்கக் கொஞ்சம் சப்பென்று இருக்கும், பழகிவிடும். போர் தண்ணீரில் லேசில் வேகாத துவரம்பருப்பு இதில் மலர்ந்து வேகிறது. தயவுசெய்து சமையலுக்கும் இதையே எடுங்கள். குடிக்க மட்டும் கேன், உலைக்குப் போர் தண்ணீர் என்றால் ஃபுளோரைடு சோற்றோடு உள்ளே போகும். கொதிக்க வைத்தாலும் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடத்தான் செய்யும்.

இப்போது குறை. போன பங்குனியில் தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. மையத்து அண்ணன் டி.டி.எஸ். பேனாவை முக்கிக் காட்டினார், வழக்கமாக 60 காட்டுவது அன்றைக்கு 400. பராமரிப்புக்காரருக்குப் போன் போட்டால், "500 வரைக்கும் குடிக்கலாம்ங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம்! அந்தப் பேனா மொத்த உப்பைத்தான் அளக்கும், ஃபுளோரைடு எவ்வளவு என்று சொல்லாது. ஃபுளோரைடுக்கு அனுமதித்த அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5. ஒரேயடியாக 60 நானூறு ஆனால் மெம்பரேன் போய்விட்டது என்று அர்த்தம். மாற்ற மூன்று வாரம் இழுத்தார்கள், அதுவரை சனங்கள் காசு போட்டு அதையே பிடித்துக்கொண்டு போனார்கள், பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டதில், மெம்பரேன் மாற்றிய தேதியைக் கதவில் சாக்பீஸால் எழுதுகிறார்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் மாதிரியும் கொடுத்துவந்தோம். உங்கள் ஊர் மையத்திலும் இந்த இரண்டையும் கேளுங்கள். கழிவுக் குழாய்த் தண்ணீரை மாட்டுத் தொட்டிக்குத் திருப்பாதீர்கள், ஃபுளோரைடு அதில்தான் கெட்டியாக இருக்கும்.

ஐந்துக்கு மூன்றரை. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.