2 யூரோ என்று சொல்லி 500 லிராவைத் தள்ளிவிடுகிறார்கள்: இத்தாலிக்குப் புதிதாக வருபவர்கள் கவனிக்கவும்

டூரினில் படிக்க வரும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வாரச் சந்தையில் ஒரு காய்கறிக் கடைக்காரர், 10 யூரோ நோட்டுக்கு மீதியாக இரண்டு 2 யூரோ நாணயங்களை என் கையில் வைத்தார். சலவைக் கடை மெஷின் இரண்டையும் வெளியே துப்பிவிட்டது. எடுத்துப் பார்த்தால், இரண்டும் யூரோவுக்கு முன் இத்தாலியில் புழங்கிய பழைய 500 லிரா!

இந்த நாணயம் 1982இல் வந்தது. வெள்ளை வளையம், நடுவில் மஞ்சள் வட்டம் என்று இரட்டை உலோகத்தில் புழக்கத்துக்கு வந்த நவீன நாணயங்களில் இதுதான் முதல். பெருமைதான், ஆனால் பின்னால் வந்த 2 யூரோவும் அதே ஜாடை. விட்டம் இதற்கு 25.8 மில்லிமீட்டர், அதற்கு 25.75. எடையில்தான் வித்தியாசம்: லிரா 6.8 கிராம், யூரோ 8.5. சந்தை நெரிசலில் யார் எடை பார்ப்பது?

திரும்பிப் போய்க் கேட்டேன். "பேங்க்கில் கொடுத்தால் மாற்றித் தருவார்கள்" என்றார் கூசாமல். சுத்தப் பொய். 2002 பிப்ரவரி 28க்குப் பிறகு லிரா கடைகளில் செல்லாது. மத்திய வங்கியில் மாற்ற மட்டும் பத்து வருட அவகாசம் இருந்தது. அதையும் 2011 டிசம்பரில் அப்போதைய பிரதமர் மோன்டியின் அரசு திடீரென்று முடித்துவிட்டது. அப்படி முன்கூட்டியே முடித்தது தவறு என்று 2015இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லியும், 2011 டிசம்பருக்கும் பழைய கெடுவான 2012 பிப்ரவரிக்கும் இடையில் மாற்றக் கேட்டிருந்தவர்களுக்குத்தான் பணம் கிடைத்தது. மாற்ற முடிந்த காலத்திலேயே, 1 யூரோவுக்கு 1936.27 லிரா என்ற கணக்கில், இது 26 சென்ட்தான் பெறும்.

அப்புறம் சமாதானமாக நாலு தக்காளியை நீட்டினார். 1970களில் இங்கே சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது மிட்டாயும் டெலிபோன் டோக்கனும்தான் மீதியாகக் கொடுத்தார்களாம். நம்மூர்ப் பெட்டிக்கடையில் பார்க்காததா? ஆனால் மிட்டாயை யாரும் 2 யூரோ என்று சொல்லிக் கொடுக்கவில்லை. தக்காளி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விடாமல் நின்று 4 யூரோவை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன்.

மீதி வாங்கியதும் வளையத்தைப் பாருங்கள். யூரோ என்றால் ஒரு பக்கம் சுற்றிலும் 12 நட்சத்திரம் இருக்கும். இத்தாலியின் வழக்கமான 2 யூரோவில் கவிஞர் தாந்தேயின் தலை. லிராவிலும் ஒரு தலை உண்டு, ஆனால் அது இறக்கை வைத்த பெண். மறுபக்கம் ரோமின் குயிரினாலே சதுக்கமும், பார்வையற்றவர்கள் தடவிப் படிக்கும் பிரெய்ல் புள்ளிகளும் இருக்கும். தாய்லாந்தின் 10 பாட் நாணயமும் பார்க்க 2 யூரோ ஜாடைதான். சந்தேகம் வந்தால் கடையை விட்டு நகராமல் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். "சேகரிப்பவர்கள் நல்ல விலை தருவார்கள்" என்பார்கள், நம்பாதீர்கள். சாதாரண 500 லிரா கோடிக்கணக்கில் அடித்துவிட்ட நாணயம்.