கொழும்பில் பெறாமகனுக்கு வேலை தேடிய கதை

இந்த முறை கொழும்புக்குப் போனதில் பாதி நேரம் அக்காவின் மகனுக்கு ஒரு வேலையிடம் தேடுவதிலேயே போய்விட்டது. அவனுக்கு டவுன் சிண்ட்ரோம். விசேட பாடசாலை முடிந்ததில் இருந்து வெள்ளவத்தை ஃபிளாட்டில் டீவியும் ஃபோனுமாக இருக்கிறான். "நீ லண்டனில் இருந்து வந்தவள், நீ கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்லுவாங்கள், ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வா" என்றார் அக்கா. அக்கா சொன்னது சரிதான், சில இடங்களில் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் கதிரையே தந்தார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கென்றால் சித்ரா லேன் பாடசாலை மாதிரிப் பெற்றோர் எல்லோருக்கும் தெரிந்த இடங்கள் கொழும்பில் உண்டு. பதினெட்டு தாண்டிய பிறகுதான் பாதை மங்குகிறது. அரசாங்கப் பக்கம் என்றால் சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன, சீதுவையில் ஒன்று. அரச வேலைகளில் 3 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1988லேயே சுற்றறிக்கை வந்துவிட்டது, 1996ல் அவர்களின் உரிமைகளைப் பாதுகாக்க 28ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. ஆனால் அரச வேலைக்குச் சோதனை பாஸ் பண்ணியிருக்க வேண்டும். ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதாத எங்கள் பிள்ளைக்கு அந்த 3 சதவீதத்தால் என்ன பயன்?

அதனால் மிச்சம் இருப்பது சமூகத் தொழில் நிறுவனங்கள்தான், அதாவது கற்றல் குறைபாடுள்ள பெரியவர்களை வைத்துப் பொருள் செய்து விற்று அந்தக் காசில் நடப்பவை, அல்லது நடக்கப் பார்ப்பவை. நான் போன இடங்களின் பெயரை எழுதவில்லை, நல்லதும் கெட்டதும் சொல்லப்போவதால்.

ஒரு இடத்தில் வாழ்த்து அட்டை, மெழுகுதிரி, துணிப்பை. சுத்தமான இடம், அன்பான ஆட்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஒரு பெண் எத்தனையோ வருடமாக 'பயிலுநர்' என்ற பெயரிலேயே இருக்கிறார். மாதம் ஒரு சின்ன ஊக்கத்தொகை. ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை, ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) இல்லை. பயிற்சி எப்போது முடியும் என்று கேட்டேன், பொறுப்பாக இருந்த மிஸ் சிரித்துவிட்டு "எங்கே அனுப்புவது அக்கா?" என்றார். நியாயமான கேள்விதான். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் இருந்து 27,000 ரூபாய், 2026 ஜனவரியில் இருந்து 30,000. அதற்கு மேல் முதலாளி 12 சதவீதம் ஈ.பி.எஃப், 3 சதவீதம் ஈ.டி.எஃப் கட்ட வேண்டும். டிசம்பரில் தூதரகச் சந்தைகளில் மட்டும் நன்றாக விலைபோகும் அட்டையால் எல்லோருக்கும் அதைக் கொடுக்க முடியாது என்பது எனக்கும் விளங்குகிறது. என்றாலும் 'பயிற்சி' என்ற சொல்லுக்கு ஒரு முடிவுத் திகதி இருக்க வேண்டாமா.

இன்னொரு இடம் சமையல்கூடம். போன கையோடு எனக்குப் பிடித்துப்போனது. மீன் ரோல்ஸ் செய்கிறார்கள். ஒருவர் ரொட்டித் தாளை மேசையில் விரிக்கிறார், அடுத்தவர் கறியை ஒரே அளவுக் கரண்டியால் வைக்கிறார், ஒருவர் சுருட்டுகிறார், ஒருவர் முட்டையில் தோய்க்கிறார், கடைசி ஆள் தூளில் புரட்டித் தட்டில் அடுக்குகிறார். தட்டில் நிறக் கோடு போட்டிருக்கிறார்கள், கோட்டுக்குள் அடுக்கினால் எண்ணிக்கை தானாகச் சரிவரும், எண்ணத் தெரியத் தேவையில்லை. தராசில் பச்சை அடையாளம், முள்ளு அங்கே நின்றால் போதும். சுவரில் எழுத்தே இல்லை, எல்லாம் ஃபோட்டோ. பொரிக்கும் வேலை மட்டும் ஊழியர் கையில். பக்கத்து ஒஃபிஸ்களில் இருந்து தேத்தண்ணி நேரத்துக்கு ஓடர் வருகிறது, ரோல்ஸ் நல்லாயிருப்பதால் வருகிறது, இரக்கத்தில் இல்லை. நானும் இரண்டு சாப்பிட்டேன், மிளகு கொஞ்சம் தூக்கல். அங்கே பயிற்சி முடித்த சிலரைச் சம்பளத்துக்கே எடுத்திருக்கிறார்கள், ஈ.பி.எஃப் இலக்கத்தோடு.

இனிச் சிக்கலுக்கு வருகிறேன். நான் போன இடங்களில் பயிற்சி பெரும்பாலும் சிங்களத்தில். எங்கள் பிள்ளைக்கு வீட்டுத் தமிழும் யூடியூப் இங்கிலிஷும்தான். சாதாரண ஆளென்றால் ஆறு மாதத்தில் சிங்களம் பழகிவிடும், ஒரு மொழியிலேயே முட்டி மோதிக் கற்கும் ஒருவனிடம் அதைக் கேட்பது அநியாயம். சமையல்கூடத்தில் அதிர்ஷ்டவசமாக ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவர் பயிற்றுநராக இருக்கிறார், தமிழில் சொல்லிக் கொடுக்கிறார். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அவ்வளவுதான். தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை, அதுவும் பெண் பிள்ளைகளை, வெளியே விடாததற்கு வெட்கம் ஒரு காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்த மொழிக் காரணத்தை யாரும் சொல்வதில்லை.

அப்புறம் போக்குவரத்து. காலி வீதியில் 100, 101 பஸ் இருக்கிறது, ஆனால் காலை நெரிசலில் கொண்டக்டர் கத்தும் வேகத்துக்கு அவனால் ஏறி இறங்க முடியாது. பிக்மீ ஆப்பில் ஓட்டோ பிடித்துப் போய் வந்தால் ஊக்கத்தொகையைவிட அதற்குக் கூடச் செலவாகும். "வேலைக்கு அனுப்ப நாங்கள் காசு கட்டவேணும்" என்றார் அத்தான்.

லண்டனில் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுக்கத் தொடங்கிய ரெம்ப்லோய் தொழிற்சாலைகளில் கடைசியாக மிஞ்சியவற்றை 2013ல் மூடினார்கள், தனி இடத்தில் வைக்காமல் பொது வேலைத்தலங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது வாதம். நல்ல வாதம்தான், ஆனால் இங்கிலாந்தில் சமூக சேவையில் பதிவான கற்றல் குறைபாடுள்ள பெரியவர்களில் இன்றும் நூற்றுக்கு ஐந்து பேரளவில்தான் சம்பள வேலையில் இருக்கிறார்கள். ஆகவே கொழும்பில் யாராவது ஒரு பட்டறையை நடத்திக்கொண்டிருந்தால், இங்கிருந்து போய் 'இது பழைய முறை' என்று விரிவுரை நடத்த எனக்கு மனமில்லை.

வெளிநாட்டில் இருந்து உதவ நினைப்பவர்கள் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்து ஃபோட்டோ எடுப்பதை நிறுத்தலாம், அப்படி வந்த இரண்டு மெஷின் ஒரு இடத்தில் உறை கூடக் கழற்றாமல் கிடக்கிறது. உங்கள் வீட்டுப் பிறந்தநாள், அந்தியேட்டி, ஒஃபிஸ் கூட்டம் எதுக்கென்றாலும் ஓடர் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு தமிழ்ப் பயிற்றுநரின் சம்பளத்தை ஒரு வருடத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள்.

எங்கள் பிள்ளையைச் சமையல்கூடத்தில் கிழமைக்கு மூன்று நாள் பரீட்சார்த்தமாக எடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள், காலையில் அத்தான் வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிடுவார், பின்னேரம் யார் கூட்டி வருவது என்பது இன்னும் முடிவாகவில்லை. நீங்களும் இப்படி இடம் பார்க்கப் போவதானால் பத்து மணிக்கு முன் போங்கள், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் கூட்டிப் பெருக்குவதை மட்டும்தான் பார்க்கலாம்.