ஒற்றை ஆளாக ஒரு தீம் பார்க்: ஷொட்டும் குட்டும்

வேலை விஷயமாக வெளியூர் போன இடத்தில் ஒரு நாள் சும்மா கிடைத்தது. அறையில் படுத்துக்கொண்டு போனைத் தடவுவதற்குப் பதில் அங்கே இருந்த தீம் பார்க்குக்குப் போய் வந்துவிட்டேன். தனியாகத்தான். டிக்கெட் கவுண்டரில் "எத்தனை பேர்?" என்றார்கள், "ஒண்ணு" என்றேன். "பெரியவங்க ஒண்ணு, சரி. குழந்தைங்க எத்தனை?" என்றார் அந்தப் பெண். "மொத்தமே ஒண்ணுதாங்க" என்றதும் என் தோளுக்குப் பின்னால் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட்டை அச்சடித்தார்.

பார்க்கின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் கீழே கொஞ்சம் திட்டியிருக்கிறேன். பெரிய ரைடுகள் உள்ள எந்தப் பார்க்குக்குத் தனியாகப் போனாலும் இதில் பாதியாவது பொருந்தும் என்பதால் பெயர் இல்லாமலும் இந்த விமர்சனம் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஷொட்டு. சிங்கிள் ரைடர் வரிசை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், தனியாகப் போகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். விஷயம் ரொம்பச் சாதாரணமானதுதான். ரோலர் கோஸ்டர் வண்டியில் ஒரு வரிசைக்கு இரண்டு அல்லது நான்கு இருக்கை, மூன்று பேராக வந்த குடும்பம் உட்கார்ந்தால் ஒரு இடம் காலியாக நிற்கும், அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் நம்மை மாதிரி ஆட்களுக்குப் பக்கவாட்டில் ஒரு குறுகலான வழி. வாசல் பலகையில் பொது வரிசைக்கு 70 நிமிடம் என்று போட்டிருந்தது, நான் பன்னிரண்டாவது நிமிடத்தில் மேடையில் நின்றேன். அங்கே ரைடு பையன் விரலை உயர்த்தி "சிங்கிள் யாராவது?" என்று கத்துவான், நாம் வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கூச்சம் இருந்தால் முதல் ரைடோடு போய்விடும்.

ஆனால் இந்த வரிசை எல்லா நேரமும் வேகமாக நகரும் என்று நம்பிப் போய் ஏமாறாதீர்கள், நான் ஏமாந்தேன். மதியத்துக்கு மேல் இரண்டாவது கோஸ்டருக்குப் போனேன், வரிசைக்கு நான்கு இருக்கை உள்ள வண்டி. பொது வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக வந்தவர்கள். இரண்டு ஜோடி சேர்ந்தால் நான்கு இருக்கையும் நிரம்பிவிடும், நமக்கு என்ன மிச்சம்? வண்டிமேல் வண்டியாகப் போகிறது, காலி இடமே விழவில்லை. பக்கத்து வரிசையில் எனக்குப் பின்னால் வந்த ஒரு ஜோடி என்னைப் பார்த்துக்கொண்டே ஏறிப்போய் இறங்கியும் வந்துவிட்டது. அதனால் உள்ளே நுழையும் முன் பொது வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நோட்டம் விடுங்கள். மூன்று பேர், ஐந்து பேர் கும்பல்கள் இருந்தால் தனி வரிசை, ஜோடிகளாக இருந்தால் வேறு ரைடு. (நான்கு நண்பர்கள் தனி வரிசையில் புகுந்துவிட்டு, மேடையில் போய் "நாங்க நாலு பேரும் ஒண்ணாதான் உட்காருவோம்" என்று சண்டை போட்டதும் நடந்தது. அந்த ரைடு பையனுக்குப் பொறுமைக்கென்று தனியாகச் சம்பளம் தரலாம்.)

தனி வரிசையில் இன்னொரு இழப்பும் உண்டு, எந்த இருக்கை என்று நாம் கேட்க முடியாது, எங்கே இடம் விழுகிறதோ அங்கேதான். இது சின்ன விஷயம் இல்லை. ஒரே கோஸ்டரில் முன் இருக்கையும் பின் இருக்கையும் வேறு வேறு ரைடுகள். முன்னால் உட்கார்ந்தால் உச்சியைத் தாண்டியதும் வண்டி ஒரு கணம் தயங்கும், பின்பாதி இன்னும் மேலே ஏறிக்கொண்டிருப்பதால் நாம் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே தொங்குவோம். கடைசி இருக்கை உச்சிக்கு வரும்போது முன்பாதி ஏற்கெனவே விழ ஆரம்பித்திருக்கும், நம்மைச் சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி மேலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். எனக்குப் பின்னால்தான் பிடித்தது. அதற்காக மட்டும் ஒரு முறை பொது வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன், வருத்தமில்லை.

முதல் ரைடில் என் பக்கத்தில் பத்து வயசு மதிக்கத்தக்க ஒரு பையன். அவன் அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில். மடிக்கம்பி இறங்கியதும் என்னைப் பார்த்து, "நீங்க யார் கூட வந்தீங்க?" என்றான்.

"யார் கூடவும் இல்லை, நான் மட்டும்தான்."

கொஞ்சம் யோசித்தான். "அப்போ உங்க பையை யாரு பாத்துக்குறாங்க, அக்கா?"

நாற்பதைத் தாண்டிய என்னை அக்கா என்றதற்கே அவனுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் கேட்டது சரியான கேள்வி, அந்தப் பை விஷயத்தைப் பிறகு சொல்கிறேன். வண்டி மேலே ஏறத் தொடங்கியதும் அந்த டக் டக் டக் சத்தம் ஆரம்பித்தது, பையன் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "செயின் அறுந்துடுமா?" என்றான். அந்தச் சத்தம் பயப்பட வேண்டியதே இல்லை, உண்மையில் அதுதான் தைரியம். வண்டிக்கு அடியில் ஒரு இரும்பு நாக்கு இருக்கிறது, ஏற்றத்தில் ஓரமாகப் பதித்திருக்கும் பற்களின்மேல் அது ஒவ்வொன்றாக விழுந்து விழுந்து ஏறும்போது வருகிற சத்தம் அது. சங்கிலி விட்டுப்போனாலும் அந்த நாக்கு பல்லில் மாட்டிக்கொள்ளும், வண்டி பின்னால் உருளாது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் உச்சி வந்துவிட்டது. அதற்கப்புறம் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதை எழுத்தில் கொண்டுவர முடியாது.

கூட ஆள் இருந்தால் இறங்கியதும் "எப்படி இருந்துச்சு, எப்படி இருந்துச்சு" என்று கத்திக்கொண்டே அடுத்த ரைடுக்கு ஓடியிருப்பேன். ஆள் இல்லாததால் கோஸ்டருக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அதையே அரைமணி நேரம் பார்த்தேன். இதற்காகவே தனியாகப் போகலாம் என்பேன். அந்தத் தலைகீழ் வளையம் வட்டம் இல்லை என்பதையே அன்றுதான் கவனித்தேன், மேலே குறுகி கீழே அகன்று கண்ணீர்த் துளி மாதிரி இருக்கிறது. 1895இல் நியூயார்க்கின் கோனி தீவில் ஃபிளிப் ஃபிளாப் ரயில்வே என்று சுத்தமான வட்டத்தில் வளையம் போட்ட ஒரு கோஸ்டர் இருந்தது. வட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் திடீரென்று உடம்பை அழுத்தும் அழுத்தத்தில் ஏறினவர்களுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். 1976இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பார்க்கில் ரெவல்யூஷன் என்ற கோஸ்டர் வந்தபோதுதான் இந்தத் துளி வடிவம் சரியாக உட்கார்ந்தது. வேகம் அதிகமாக உள்ள அடிப்பகுதியில் வளைவு மெதுவாகத் தொடங்குகிறது, வேகம் குறைந்த உச்சியில் இறுகுகிறது. அதே மாதிரி சக்கரங்களையும் பார்த்தேன். தண்டவாளத்தின் மேல் ஒன்று, பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று. அந்த அடிச் சக்கரத்துக்குக் கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் 1919இல் காப்புரிமை வாங்கினார். அது இல்லாவிட்டால் மேட்டில் நாம் இருக்கையிலிருந்து எழும்பும்போது வண்டியும் தண்டவாளத்தை விட்டு எழும்பியிருக்கும். அதற்கெல்லாம் முன்னால், 1884இல் தாம்ஸன் என்பவர் கோனி தீவில் ஓட்டிய ஆரம்பகால கோஸ்டர் வண்டியில் ஆட்கள் பெஞ்சில் பக்கவாட்டாக உட்கார்ந்து, மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்களாம். என்னைப் போல பெஞ்சில் உட்காரப் பிடித்தவர்களுக்கு அது போதும்.

இப்போது குட்டு. பை.

லாக்கர்கள் நுழைவாயிலில் மட்டும்தான். தண்ணீர் ரைடுகள் பார்க்கின் மறுகோடியில். குடும்பத்தில் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு பாட்டியோ கர்ப்பிணியோ, பைகளோடு கீழே உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தே முழு ஏற்பாடும் செய்திருக்கிறார்கள். கோஸ்டர் மேடையில் திறந்த அடுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள், பையை அங்கே எறிந்துவிட்டு ஏற வேண்டும், திரும்பி வரும்போது இருந்தால் நம்முடையது. நான் போனையும் அடையாள அட்டையையும் ஜிப் வைத்த இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மற்றதை லாக்கரில் வைத்துவிட்டேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கயிறு கட்டாமல் போகாதீர்கள். நான் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ரைடு போனேன், நன்றாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன், எதையும் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்திலும் இதே கதை. தட்டை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய் வருவதற்குள் தட்டு இல்லை. யாரும் திருடவில்லை, துடைக்கிற அம்மா எடுத்துப் போய்க் கொட்டிவிட்டார். "ஆளே இல்லையேம்மா, முடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன்" என்று அவரே பதறிவிட்டார். பாவம், அவரைச் சொல்லி என்ன பயன். நாலு பேர் உட்காரும் மேஜையில் ஒரு தட்டு மட்டும் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இரண்டாவது முறை தண்ணீரை முதலில் பிடித்தேன்.

பெரிய குட்டு டியூப் சறுக்கலுக்கு. பெரிய மஞ்சள் ரப்பர் படகில் உட்கார்ந்து மேலிருந்து சறுக்கிவரும் ரைடு. ஈரப் படிக்கட்டில் வெறுங்காலோடு மேலே போனேன், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று அரைமணி நேரம் ஆனது. உச்சியில் என் முறை வந்ததும் "கூட வந்தவங்க எங்கே?" என்றார் அங்கிருந்தவர். இல்லை என்றேன். "குறைஞ்சது ரெண்டு பேர் வேணும்." காரணம் நியாயமானதுதான், அந்த மாதிரிப் படகு எடை குறைவாகவும் ஒரு பக்கம் சாய்வாகவும் போனால் நடுவில் நின்றுவிடலாம், வளைவில் தப்பான உயரத்துக்கு ஏறலாம். விதியோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் அந்தப் பலகையை எங்கே மாட்டியிருக்கிறார்கள் தெரியுமா? மேலே, அவர் தலைக்கு நேர் பின்னால். கீழே உயரம் அளக்கும் கம்பிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தால் நான் பாட்டுக்கு லேஸி ரிவர் என்கிற மெதுவான செயற்கை ஓடையில் மிதந்திருப்பேன். பின்னால் நின்ற கும்பலிடம் "என்னைச் சேத்துக்கிறீங்களா?" என்று கேட்டேன், அவர்கள் சரியாகப் படகின் அளவுக்கு ஆள் எண்ணி வந்திருந்தார்கள். மேலே ஏறுகிறவர்கள் அத்தனை பேரையும் தாண்டி, "எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லிக்கொண்டே அதே படியில் இறங்கினேன். பயந்து திரும்பி வருகிறேன் என்று நினைத்து ஒரு தாத்தா, "பரவாயில்லம்மா, எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான்" என்று ஆறுதல் வேறு சொன்னார்.

வட்டப் படகு ரைடில் இந்தப் பிரச்சினை இல்லை, ஐந்து பேர் குடும்பத்தோடு ஆறாவது ஆளாக ஏற்றிவிட்டார்கள். அருவிக்குக் கீழே படகு சுழன்றபோது என் பக்கம்தான் நேராக உள்ளே போனது, ஐந்து பேரும் கைதட்டினார்கள். மாற்றுத்துணி லாக்கரில் இருந்தது. லாக்கர் எங்கே இருந்தது என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

உச்சிக்குத் தூக்கிப் போய்க் கீழே விழவிடும் டிராப் டவரில் மட்டும் உண்மையிலேயே யாராவது கூட இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மேலே போய் நிறுத்திவைப்பார்கள், அந்த நிசப்தம் இருக்கிறதே, பக்கத்து இருக்கையும் காலி. பல டவர்களில் கீழே நம்மை நிறுத்துவது நிலைக்காந்தங்களும் உலோகத் தகடுகளும்தான், அவை ஒன்றையொன்று உரசாமல் கடக்கும்போதே வேகம் இறங்கிவிடும், மின்சாரம் போனாலும் அந்த பிரேக் வேலை செய்யும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மேலே அது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. திறக்கும்போதே போய்விடுங்கள், வாசலுக்குப் பக்கத்து ரைடில் கூட்டம் முட்டும், நீங்கள் நேராகக் கடைசிக் கோடிக்கு நடங்கள். அப்புறம், அணிவகுப்பு நடக்கும் நேரத்தில் குடும்பங்கள் எல்லாம் ஓரமாகப் போய் நின்றுகொள்ளும், அந்த அரைமணியில் நான் மூன்று ரைடு முடித்தேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை, "பாத்ரூம் போயிட்டு வரேன், நில்லு" இல்லை, எனக்குப் பிடித்த கோஸ்டரில் நான்கு முறை ஏறினேன்.

போட்டோ கவுண்டர் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் கோஸ்டரில் இறங்கும் வழியில் திரையில் நம் முகத்தைப் போட்டுக் காட்டுவார்கள். அந்தப் பையனின் குடும்பப் படம் அருமையாக வந்திருந்தது, அப்பா கண்ணை மூடிக்கொண்டு, அம்மா சிரித்துக்கொண்டு, பையன் வாயைப் பிளந்துகொண்டு, அவனுக்குப் பக்கத்தில் அவனைவிடப் பெரிதாக வாயைப் பிளந்துகொண்டு நான். அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, "ஓரத்துல இருக்கறவங்களை மட்டும் எடுத்துட முடியுமாங்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. முடியாது என்றார்கள். இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு போனார்கள்.