பிடிஎஃப்பா, எச்டிஎம்எல்லா: கையேட்டை எதில் அனுப்புவது?

நிறுவல் கையேட்டில் ஒரு கட்டளை. ஒற்றை வரிதான், ஆனால் ஏ4 பக்கத்தின் அகலம் போதாமல் இரண்டாக மடங்கியிருந்தது. பயனர் அதை பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து, கட்டளைகளை இயக்கும் டெர்மினல் சாளரத்தில் ஒட்டினார். முதல் பாதி தனியாக ஓடிவிட்டது. இரண்டாம் பாதிக்கு "அப்படியொரு கட்டளை இல்லை" என்று பதில் வந்தது. மடங்கிய இடத்தைச் சேர்த்து மறுபடி ஒட்டினால் வேறொரு பிழை. அடுத்தடுத்து நிற்க வேண்டிய இரண்டு சிறு கோடுகளை, பக்கம் அழகாக இருக்கட்டும் என்று ஆவண மென்பொருள் ஒரே நீளக் கோடாக மாற்றி வைத்திருந்தது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தொலைபேசியில் அரை மணி நேரம் இரண்டு பேரும் தேடினோம். அந்தக் கையேட்டை எழுதியவன் நான்தான்.

அதற்கு முன்பெல்லாம் எந்தக் கோப்பு பார்க்க நன்றாக இருக்கிறது என்றுதான் யோசிப்பேன். இப்போது படிப்பவர் அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று முதலில் பார்க்கிறேன். நகலெடுப்பாரா, அச்செடுப்பாரா, போனில் தேடுவாரா, இணையமே இல்லாத அறையில் திறப்பாரா? பாதிப் போட்டி அங்கேயே முடிந்துவிடும்.

பிடிஎஃப்பை அடோபி 1993இல் வெளியிட்டது. 2008இல் அது ஐஎஸ்ஓ 32000 என்ற தரமானது. பக்கத்தை எங்கும் ஒரே மாதிரி காட்டுவதுதான் அதன் பிறவி வேலை. கோப்புக்குள் பத்தி, பட்டியல் என்ற விவரம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இந்த எழுத்துருவத்தை இந்த இடத்தில் வை என்ற குறிப்புகள் இருந்தால் போதும். நகலெடுக்கும்போது சொல் எங்கே முடிகிறது, வரி எங்கே தொடர்கிறது என்பதைப் படிக்கும் மென்பொருள் ஊகிக்கிறது. உரைநடையில் இந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். உள்தள்ளலுக்கே அர்த்தம் உள்ள யாமல் என்ற அமைப்புக் கோப்பை அப்படி நகலெடுத்துப் பாருங்கள்: பெரும்பாலும் வரித் தொடக்க வெற்றிடமெல்லாம் போய், எல்லா வரியும் இடது ஓரத்தில் வந்து நிற்கும்.

தமிழில் இன்னொரு கூத்தும் உண்டு. 'கொ' என்ற எழுத்து கண்ணுக்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு. யூனிகோடிலோ முதலில் ககரம், பிறகு உயிர்க்குறி. எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்குத் திரும்பும் வரைபடம் கோப்பில் சரியாக இல்லாவிட்டால், நகலெடுத்த உரையில் கொம்பு முன்னால் வந்து நிற்கும். கையேட்டில் பத்து இடத்தில் 'கொள்கலன்' இருந்தாலும் தேடல் பெட்டி ஒன்றுகூட இல்லை என்று சொல்லும்.

அப்புறம் போன். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். போன் திரை கிட்டத்தட்ட 70. முழுப் பக்கமும் திரையில் அடங்கினால் 10 புள்ளி எழுத்து 3.3 புள்ளியாகிவிடும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவு குறை சொன்னாலும் பிடிஎஃப்பை விட முடியவில்லை. "42ஆம் பக்கத்தில் மூன்றாவது படத்தைப் பாருங்கள்" என்று சொன்னால் இரண்டு பேருக்கும் ஒரே படம்தான் தெரியும். மின்சுற்றுப் படம், அளவுகள் போட்ட இயந்திர வரைபடம் போன்றவற்றுக்கு அதைவிட நல்ல இடமில்லை. ஒப்பந்தத்தோடு இணைக்கும் பதிப்பு நாளைக்கு மாறிவிடக் கூடாது. பல வருடம் காப்பில் வைக்க 2005இல் வந்த பிடிஎஃப்/ஏ இருக்கிறது. அதில் எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே இருந்தாக வேண்டும், கடவுச்சொல் பூட்டும், கோப்புக்குள் ஓடும் சிறு நிரலான ஸ்கிரிப்டும் கூடாது.

இணையப் பக்கங்களின் வடிவமான எச்டிஎம்எல் இதற்கு நேர்மாறு. பக்கம் என்ற ஒன்றே கிடையாது. உரை திரைக்கேற்ப மடங்கும். கட்டளை பெட்டிக்குள் மடங்காமல் நிற்கும், நகலெடுத்தால் எழுதியபடியே வரும். பக்க எண்ணுக்குப் பதில் தலைப்புக்கே நேரடி இணைப்பு கொடுக்கலாம். இது தலைப்பு, இது அட்டவணை என்ற குறிகள் கோப்பிலேயே இருப்பதால் பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானுக்கும் வழி தெரியும். பிடிஎஃப்பிலும் குறிகள் இட முடியும். யாரோ மெனக்கெட்டுச் செய்தால்தான்.

அதன் பலமே சில நேரம் வினை. ஒரு பத்தியைத் திருத்தினால் அந்த நொடியே எல்லோருக்கும் மாறிவிடும். பழைய பதிப்பை வைத்திருப்பவர் புதிய பதிப்பின் மெனுவைத் தேடித் திண்டாடுவார். அதனால் பதிப்பு எண் முகவரியிலும் இருக்க வேண்டும், பக்கத்தின் தலையிலும் இருக்க வேண்டும். இணையமில்லாத இடத்துக்கு ஜிப் செய்து கொடுத்தால் வேறு சிக்கல். கணினி வட்டிலிருந்து திறந்த பக்கத்தின் ஸ்கிரிப்ட் அருகிலுள்ள இன்னொரு கோப்பைப் படிக்க உலாவிகள் பாதுகாப்புக்காக விடுவதில்லை. தேடல் அட்டவணை ஜேசன் என்ற தரவு வடிவில் தனிக் கோப்பாக இருந்தால் தேடல் பெட்டி ஊமையாகிவிடும். அதையே ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாக மாற்றினால் வேலை செய்யும். படங்களையும் உள்ளே திணித்து ஒரே கோப்பாக்கலாம்தான், ஆனால் பேஸ்64 முறையில் வெறும் எழுத்துகளாக மாறும் படம் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும்.

இந்த இடத்தில்தான் எனக்கு சிஎச்எம் நினைவு வரும். மைக்ரோசாஃப்ட் 1997இல் கொண்டுவந்த உதவிக் கோப்பு வடிவம்: ஒரே கோப்பு, இடப்பக்கம் பொருளடக்கம், உள்ளேயே தேடல். இன்றும் அதன் வசதிக்கு ஈடாக ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஸ்கிரிப்ட் ஓட்டத் தெரிந்த கோப்பு தாக்குதலுக்கும் வாசல்தானே? 2005இல் பாதுகாப்புத் திருத்தம் வந்த பிறகு பிணையப் பகிர்விலிருந்து திறந்தால் உள்ளடக்கம் தெரியாது. இணையத்திலிருந்து இறக்கியதும் அப்படித்தான்: இடப்பக்கம் பொருளடக்கம் இருக்கும், வலப்பக்கம் காலி. கோப்பின் பண்புகளில் போய்த் தடையை நீக்க வேண்டும். அதை விளக்க இன்னொரு கையேடு எழுதும் நிலை வந்ததும் விட்டுவிட்டேன்.

மின்னூல் வடிவமான இபப் உண்மையில் ஜிப்புக்குள் அடைத்த எக்ஸ்எச்டிஎம்எல்தான், அதாவது எச்டிஎம்எல்லின் கண்டிப்பான வகை. முன்னுரையிலிருந்து கடைசி வரை தொடர்ந்து படிக்கும் பாடம் மாதிரியான கையேடு என்றால் அருமை. எட்டு நெடுவரிசை உள்ள அட்டவணையும் நீளமான நிரல் வரியும் வந்தால் சின்னத் திரையில் கந்தலாகிவிடும். அலுவலகக் கணினியில் திறக்க மென்பொருள் இருக்குமா என்பதும் சந்தேகம். எட்ஜ் உலாவியில் இருந்த இபப் வசதியை 2019இல் எடுத்துவிட்டார்கள்.

வேர்டின் டாக்எக்ஸ் வேண்டாம். எழுத்துரு இல்லாத கணினியில் பக்கங்கள் நகரும். பெறுபவர் ஒரு எண்ணை மாற்றிவிட்டு உங்கள் கையேடு என்றே அடுத்தவருக்கு அனுப்பலாம். "இந்த அழுத்த அளவு சரிதானா, யாராவது பாருங்களேன்" என்ற ஓரக்குறிப்போடு ஒரு கோப்பு எங்களிடமிருந்து வாடிக்கையாளருக்கே போயிருக்கிறது. சேர்ந்து எழுதும்வரை அது சரி. எளிய குறிகளோடு உரை எழுதும் முறையான மார்க்டவுனும் எழுதுபவர் பக்கத்து ஆள்தான். 2004இல் வந்தது, வெறும் உரையாகவே படிக்கலாம், யார் எந்த வரியை மாற்றினார் என்பது, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில் தெளிவாகத் தெரியும். ஆனால் அட்டவணை, அடிக்குறிப்பு எல்லாம் கருவிக்கொரு இலக்கணம் என்பதால், அப்படியே அனுப்பினால் படிப்பவர் என்ன பார்ப்பார் என்று சொல்ல முடியாது.

இப்போது நான் செய்வது இதுதான். மூலம் மார்க்டவுனில் ஒன்றே ஒன்று. அதிலிருந்து அன்றாடப் பயன்பாட்டுக்கு எச்டிஎம்எல். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அந்தப் பதிப்பின் பிடிஎஃப் ஒன்று, பிறகு அதைத் தொடுவதில்லை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எச்டிஎம்எல்லையே எடுப்பேன். நீளமான கட்டளைகளைப் பக்கம் மடக்க விடாமல், பின்சாய்வுக்கோடு போட்டு மூலத்திலேயே நானே உடைத்துவிடுகிறேன். அப்போது இரண்டு வரியாக ஒட்டினாலும் ஒரே கட்டளையாக ஓடும். வெளியிடுவதற்கு முன் பிடிஎஃப்பைத் திறந்து, ஒவ்வொரு கட்டளையையும் அதிலிருந்தே நகலெடுத்து, சோதனைக் கணினியின் டெர்மினலில் ஒட்டிப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. அந்த நீளக் கோடு அதன் பிறகும் இரண்டு முறை மாட்டியிருக்கிறது.