கோபோ கலெக்ட்: ஏழு வருடம் வீடு வீடாகக் கருத்துக் கேட்ட அனுபவம்

2018இல் கொழும்பில் கருத்துக்கணிப்பு வேலைக்குப் போகத் தொடங்கினேன். முதல் சில மாதம் கடதாசி வினாக்கொத்துதான், மழை வந்தால் பையைத் தலைக்கு மேல் பிடிக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். அந்த வருடக் கடைசியில், கேள்விகளை ஃபோனில் வைத்துப் பதில்களை அதிலேயே பதியும் கோபோ கலெக்ட் என்ற செயலிக்கு மாறினேன், இன்றுவரை அதுதான். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளி என்று ஏழு வருடம் கதவு தட்டிய பிறகு எழுதுகிறேன்.

இணையம் இல்லாமலே வேலை செய்வதுதான் இதன் பெரிய பலம். 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்த நாளில்கூட நான் களத்தில் இருந்தேன். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது, ஆனால் பதில்கள் எல்லாம் ஃபோனிலேயே சேர்ந்து, இரவு வீட்டுக்கு வந்து அனுப்பியபோது ஒன்றும் குறையவில்லை. பழைய, விலை குறைந்த ஆண்ட்ராய்ட் ஃபோனே போதும். ஐஃபோனுக்கு இந்தச் செயலி இல்லை, பிரவுசரில் திறக்கும் படிவத்தைத்தான் பாவிக்க வேண்டும். இலவசம்தான், ஆனால் மாதத்துக்கு இவ்வளவு என்று வரம்பு உண்டு, படங்களை நிறைய எடுத்தால் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அடுத்தது மொழி. எக்செலில் படிவம் தயாரிக்கும்போது தமிழுக்கு ஒரு நிரல், சிங்களத்துக்கு ஒரு நிரல், ஆங்கிலத்துக்கு ஒரு நிரல் போட்டுவிட்டால் நேர்காணலின் நடுவிலேயே மொழியை மாற்றலாம். கிராண்ட்பாஸில் ஒரே வீட்டில் மாமியார் தமிழிலும் மருமகன் சிங்களத்திலும் பதில் சொல்வார்கள், அங்கே இது எவ்வளவு உதவி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூகுள் ஃபார்ம்ஸில் இப்படி மொழி மாற்றும் வசதி இல்லை.

குறைகளும் உண்டு. சேர்ந்த பதில்களைச் சிஎஸ்வி (வெறும் எழுத்தாகச் சேமிக்கும் அட்டவணை) கோப்பாக இறக்கி எக்செலில் நேரே திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் புரியாத குறிகளாக வரும், எக்செல் வடிவத்திலேயே இறக்குங்கள். இன்னொன்று, முடித்த படிவத்தை அனுப்பும்வரை அது ஃபோனில் மட்டும்தான் இருக்கும். என்னோடு வேலை செய்த தம்பி ஒருவர் ஃபோன் மெதுவாக ஓடுகிறது என்று செயலியை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார், ஒரு முழு நாள் வேலை போய்விட்டது. அன்று பதில் சொன்னவர்களிடம் திரும்பிப்போய் மன்னிப்புக் கேட்டது இன்னும் கஷ்டமாக இருக்கிறது, அவர்களுடைய அரை மணி நேரம் அல்லவா அது.

இதுவரை சொன்னதெல்லாம் செயலியைப் பற்றி. ஆனால் நல்ல செயலியில் கெட்ட கேள்வியைப் போட்டால் கெட்ட பதில்தான் வேகமாக வரும். பெரும்பாலும் வினாக்கொத்து ஆங்கிலத்தில் வரும், யாரோ ஒருவர் ஓரிரவில் தமிழாக்கி அனுப்புவார். "தங்களுக்கு வழங்கப்படும் சேவைகளின் தரம் தொடர்பில் தாங்கள் எந்தளவுக்குத் திருப்தியடைகின்றீர்கள்?" இதை ஒரு வாசலில் நின்று உரக்க வாசித்துப் பாருங்கள். எதிரே நிற்பவர் கேள்வியைக் கேட்கமாட்டார், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். பிறகு நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று ஊகித்து "ஓம்" என்பார்.

அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் வெளியிட்ட அளவுகோலில் இருந்து வந்ததுதான் முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன் என்று போகிற ஐந்து படிகள். கடதாசியில் தானே வாசித்து அடையாளமிடுபவருக்கு அது சரி. வாயால் கேட்கும்போது நம் ஆட்கள் ஐந்தையும் விட்டுவிட்டு ஆறாவதாக ஒன்று சொல்வார்கள்: "பரவாயில்லை." வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் ஒரு அன்ரியிடம் லிஃப்டைப் பற்றிக் கேட்டேன். "பரவாயில்லை பிள்ளை" என்றார். நடுப்படியில் குறித்துவிட்டு நகரப் போனேன், என்னவோ தோன்றி, போன கிழமை எத்தனை நாள் படியில் ஏறினீர்கள் அன்ரி என்று கேட்டேன். "நாலு நாள். மற்ற நாள் நான் கீழே இறங்கவே இல்லையே."

அன்றிலிருந்து நான் தயாரிக்கும் படிவத்தில் திருப்தியைப் பற்றிய கேள்விக்கு முன்னால் நடந்ததைப் பற்றிய கேள்வி வரும். கடைசியாக எப்போது, போன கிழமை எத்தனை தடவை, அப்போது என்ன செய்தீர்கள். ஐந்து படியையும் இரண்டாகப் பிரித்துவிட்டேன்: முதலில் நல்லதா இல்லையா, பிறகு கொஞ்சமா நன்றாகவா. கோபோவில் முந்திய பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தானாகக் காட்டவோ மறைக்கவோ முடியும், அதனால் இது சுலபம். "பரவாயில்லை" என்பதையும் ஒரு தெரிவாகவே வைத்திருக்கிறேன், அதைத் தொட்டால் உடனே "ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று திறந்த கேள்வி வரும். எனக்குக் கிடைத்த மிக நல்ல பதில்கள் அங்கேதான் இருக்கின்றன.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் கொழும்புத் தமிழ் வீடுகளில் யார் தங்குகிறார்கள், எந்த ஊர், என்ன வேலை என்று பொலிஸ் பதிவுப் படிவம் நிரப்பிய தலைமுறை இன்னும் அதே வீடுகளில் இருக்கிறது. அவர்களிடம் முதல் கேள்வியே "சொந்த இடம் எது?" என்று போனால் கதவு பாதி மூடிவிடும், அதில் அவர்கள் பிழை ஒன்றும் இல்லை. எங்களுக்கு வேலை தந்த ஓர் இடத்தில் அந்தக் கேள்வியோடு அடையாள அட்டை இலக்கத்தையும் முதல் பக்கத்தில் கேட்டிருந்தார்கள், எதற்கு என்று கேட்டேன், பதில் இல்லை. இப்போது பெயர் கேட்பதில்லை, ஜிபிஎஸ் பதிவதில்லை (வீட்டின் இடத்தைக் குறித்துவிட்டுப் பெயர் இல்லை என்று சொல்வது நேர்மை இல்லை), ஊர் தேவைப்பட்டால் கடைசியில், விரும்பினால் மட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதுதான், ஆனால் சட்டத்துக்கு முன்னாலேயே இது மரியாதை.

இடைக்கிடை "லிங்கை வட்ஸ்அப்பில் போட்டால் ஆயிரம் பேர் நிரப்புவார்களே, ஏன் அலைகிறீர்கள்?" என்று கேட்பார்கள். 1936இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை தபாலில் நடத்திய கணிப்புக்கு இருபது லட்சத்துக்கு மேல் மாதிரி வாக்குச்சீட்டுகள் திரும்பி வந்தன, வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று அது சொன்னது, ஆனால் எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். எண்ணிக்கை பெரிதாக இருந்தும் யார் பதில் சொல்கிறார்கள் என்பதில் பிழையாகிப்போனது. அந்த ஐந்தாம் மாடி அன்ரி வட்ஸ்அப் குழுவில் இல்லை. கீழேயும் தினமும் இறங்கி வருவதில்லை. அவரிடம் யாராவது ஏறிப்போகத்தான் வேண்டும்.

அந்தத் தொடர்மாடியில் முடிவுகளை ஒரு ஏ4 தாளில் பெரிய எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். அடுத்த வருடம் வேறொரு கணிப்புக்காகப் போனபோது மூன்றாம் மாடி ஐயா ஒருவர், போன தடவை கதவைத் திறக்காதவர், "நீங்கள்தானே அந்தத் தாள் ஒட்டினது?" என்று கேட்டுவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.