பணம் கட்டுவதற்கு முன் பதிவு எண்ணைக் கேளுங்கள்

பேச்சு தாமதமாகும் பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளை, அழ ஆரம்பித்தால் அடங்காத பிள்ளை உள்ள பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பினாங்கில் 'பெற்றோர் வழிகாட்டல்' என்று சொல்லி ஒரு நிலையம் எங்களிடம் 7,800 ரிங்கிட் வாங்கியது. வழிகாட்டியவருக்கோ மலேசியாவில் அந்த வேலையைச் செய்யப் பதிவே இல்லை. விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருப்பதால் நிலையத்தின் பெயரைப் போடவில்லை. அவர்கள் நடந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். இதே மாதிரி நடக்கும் வேறு இடங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

என் மகனுக்கு ஆட்டிசம் என்று அரசு மருத்துவமனையில் உறுதி செய்தார்கள். பேச்சுத் தெரபிக்குப் பெயர் கொடுத்தோம். வரிசை நீளம், மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். இந்தக் காத்திருப்புக்குள்தான் இவர்களைப் போன்றவர்கள் நுழைகிறார்கள். எங்களுக்கு வந்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி. கடைவீட்டு மாடியில் நிலையம், சுவர் நிறைய கண்ணாடி போட்ட சான்றிதழ்கள், அழகாகத் தமிழ் பேசும் ஓர் ஆலோசகர். "கவலைப்படாதீங்கம்மா, ஆறு மாசத்துல பேச வச்சு சாதாரண பாலர் பள்ளியிலயே சேர்த்துடலாம்" என்றார். நாள் கணக்கில் தூங்காமல் இருக்கும் ஒரு தாய்க்கு அந்தச் சொல் எப்படி இருக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் மூளை அலைப் பரிசோதனை, அப்புறம் தலைமுடியை வெட்டி அனுப்பி ஒரு பரிசோதனை. உடம்பில் உலோக நச்சு இருக்கிறது, அதை வெளியேற்றச் சொட்டு மருந்து வாங்க வேண்டும் என்று அறிக்கை வந்தது. ஆட்டிசத்தை இரத்தத்திலோ முடியிலோ மூளைப் படத்திலோ கண்டுபிடிக்க முடியாது. பிள்ளையைக் கூர்ந்து கவனித்து, அவன் வளர்ந்த விதத்தைப் பெற்றோரிடம் கேட்டுத்தான் மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று செய்யும் சிகிச்சை விளையாட்டுக் காரியமும் இல்லை. 2005ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உலோகத்தை வெளியேற்றும் ஊசி மருந்து ஏற்றியதில் இறந்துபோனான். அந்தச் சொட்டு மருந்தை என் கணவர் வாங்கவே விடவில்லை. அதற்காக ஆலோசகர், "அப்பா ஒத்துழைக்கலைன்னா பிள்ளை எப்படி முன்னேறும்?" என்று எங்களுக்குள் சண்டை மூட்டிவிட்டார்.

பணத்தை விட என்னால் மறக்க முடியாதது இன்னொன்று. வீட்டில் தமிழ் பேசுவதை உடனே நிறுத்தச் சொன்னார். இரண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்புவான், ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும் என்றார். என் மாமியாருக்கு ஆங்கிலம் வராது. நான் ஆலைக்குப் போகும் நேரமெல்லாம் பிள்ளையைப் பார்ப்பவர் அவர்தான். சாப்பாடு ஊட்டும்போது கதை சொல்வார், குளிப்பாட்டும்போது பாட்டுப் பாடுவார். ஆலோசகர் பேச்சைக் கேட்டு அத்தனையையும் நிறுத்திக்கொண்டார். பேரன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் வாய் திறக்காமல், "பேசினா அவனுக்குக் கெடுதலாம்மா" என்று என்னிடம் சொல்லி அழுதார். கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளை பாட்டியிடம் போவதையே குறைத்துக்கொண்டான்.

அரசு மருத்துவமனையில் எங்கள் முறை வந்தபோது, பேச்சுத் தெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வியே "வீட்டில் என்ன மொழி?" என்பதுதான். தமிழ் என்றேன். அப்படியானால் தமிழிலேயே நிறையப் பேசுங்கள் என்றார். இரண்டு மொழி கேட்டு வளர்வது ஆட்டிசத்தை உண்டாக்குவதும் இல்லை, பேச்சை மேலும் தாமதப்படுத்துவதும் இல்லை என்பதுதான் இதுவரை நடந்த ஆய்வுகள் காட்டுவது. வீட்டில் எல்லோருக்கும் இயல்பாக வரும் மொழிதான் பிள்ளைக்கு அதிகம் கிடைக்கும். அவனிடம் பேச்சைக் கொண்டுவர வேண்டிய வீட்டை அந்த ஆலோசகர் ஊமையாக்கிவிட்டார்.

நிலையத்தில் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். நாங்கள் வெளியே நாற்காலியில். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், "பெற்றோர் இருந்தால் பிள்ளை ஒத்துழைக்க மாட்டான்" என்பார்கள். பெற்றோர் வழிகாட்டலுக்கென்று பணம் வாங்கிவிட்டுப் பெற்றோரையே வெளியே உட்கார வைத்தார்கள்! மருத்துவமனையில் என்னைத் தரையில் பிள்ளைக்கு எதிரே உட்கார வைத்தார்கள். பொம்மையைக் கொடுக்கும் முன் எத்தனை நொடி பொறுக்க வேண்டும், அவன் கையைக் காட்டினால் நான் என்ன சொல்ல வேண்டும் என்று என்னையே செய்ய வைத்துத் திருத்தினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பராமரிப்பாளர்களுக்கென்றே ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. ஒன்பது குழு வகுப்பு, மூன்று முறை வீட்டுக்கு வந்து பார்ப்பது என்ற அமைப்பு. இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலும் கற்றுக்கொள்பவர் பெற்றோர்தான்.

மாற்றுத்திறனாளி அட்டையான ஓகேயு அட்டையை எடுக்காதீர்கள், பிள்ளைக்கு வாழ்நாள் முத்திரை விழுந்துவிடும் என்றும் அந்த ஆலோசகர் பயமுறுத்தினார். அது 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் சமூகநல இலாகா கொடுப்பது. பதிவது நம் விருப்பம். அரசு மருத்துவமனையில் கட்டண விலக்கு அதனால்தான் கிடைக்கிறது. அட்டை இருந்தால் நாங்கள் அரசு மருத்துவமனைப் பக்கம் போவோம் என்பதுதான் அவருடைய கவலை என்று நினைக்கிறேன்.

எல்லாம் வெளிப்பட்டது வருமான வரி பாரத்தால். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையின் பரிசோதனைக்கும் ஆரம்பகாலப் பயிற்சிக்கும் வரி விலக்கு உண்டு. முதலில் 4,000 ரிங்கிட் வரை இருந்தது, 2025ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து 6,000 ரிங்கிட். ஆனால் பயிற்சி கொடுப்பவர் 774ஆம் சட்டத்தில் பதிந்தவராக இருக்க வேண்டும். துணைச் சுகாதாரத் தொழிலர்களுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் அது. ரசீதில் ஆலோசகரின் பதிவு எண்ணைப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டேன். முதலில் "அடுத்த வாரம்" என்றார்கள். பிறகு, "எங்க முறை அனைத்துலக முறை, மலேசியப் பதிவு தேவையில்லை" என்றார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் தொழிலர்களைப் பதியும் மன்றத்தின் இணையப் பதிவேட்டில் ஆலோசகரின் பெயரைப் போட்டுத் தேடினேன். இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

அதனால், பணம் கட்டும் முன் முழுப் பெயரையும் தொழிலையும் பதிவு எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். பேச்சுத் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குப்பேஷனல் தெரபிஸ்ட், உளவியலாளரான கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எல்லாரும் 774ஆம் சட்டத்துக்குள் வருகிறார்கள். கவுன்சலர் என்றால் அவருக்கு 1998ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டப்படி தனி வாரியம், தனிப் பதிவு. மருத்துவர் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பார்க்கலாம். 'வளர்ச்சி ஆலோசகர்', 'மூளைப் பயிற்சியாளர்' என்ற பட்டங்கள் இந்தப் பதிவேடுகளில் கிடையாது. தனியார் நிலையம் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. என் தோழி மகளைக் கூட்டிப்போகும் இடத்தில் பதிவுச் சான்றிதழ் வாசலிலேயே மாட்டியிருக்கிறது. கேட்டதும் எண்ணைச் சொன்னார்கள், உள்ளே உட்காரவும் விடுகிறார்கள், வகுப்புக்கு வகுப்புதான் காசு. மொத்தமாக முன்பணம் கேட்டாலோ, இத்தனை மாதத்தில் குணமாகும் என்று தேதி கொடுத்தாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், அதாவது திரிபுனலில், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே கேட்கலாம். எங்கள் விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை. இதே போன்ற நிலையத்தில் பணம் கட்டியவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். பாரம் நிரப்ப உதவுகிறேன்.