கூகுள் நாட்காட்டியின் முன்பதிவுப் பக்கம்: வன்னி வகுப்பறைக்கு ஒத்துவருமா?

தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளில் எல்லாப் பெற்றோரையும் ஒரே நேரத்துக்கு வரச்சொல்லி மண்டபத்தில் அமர்த்துவது எங்கள் பகுதியில் நெடுநாள் வழக்கம். அதிபரின் உரை முடியும் முன்பே பாதிப் பேர் பஸ்ஸுக்கு நேரம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இந்தத் தவணை என் தரம் 9 வகுப்புக்கு மட்டும், பெற்றோர் தாங்களே சந்திப்பு நேரத்தைத் தெரிவுசெய்யும் கூகுள் நாட்காட்டியின் முன்பதிவுப் பக்கத்தைப் பயன்படுத்தினேன்.

அமைப்பது எளிது. ஒரு சந்திப்புக்கு எத்தனை நிமிடம், நடுவே எவ்வளவு இடைவெளி என்று குறித்து இணைப்பை அனுப்பினால் போதும். ஒருவர் எடுத்த நேரம் அடுத்தவர் கண்ணில் படாது. கூகுள் படிவத்தில் இது தானாக நடக்காது, 2.40ஐ மூன்று பேர் தெரிவுசெய்தாலும் படிவம் வாய் திறக்காது. ஆனால் 36 பிள்ளைகளுக்குத் தலா 10 நிமிடம் என்றால் மூச்சுவிடாமல் 6 மணித்தியாலம். அதை எந்தச் செயலியும் குறைத்துத் தரப்போவதில்லை. ஆகவே பின்னேரங்களாகப் பிரித்துக்கொண்டேன்.

சிக்கல் மின்னஞ்சலில். பதிவு செய்பவருக்குக் கூகுள் கணக்கு வேண்டியதில்லை; மின்னஞ்சல் முகவரி கட்டாயம். உறுதிப்படுத்தும் செய்தியும் அங்கேதான் போகிறது. வட்டக்கச்சியில் இருந்து வரும் ஒரு தாயிடம் முகவரி கேட்டேன். தொலைபேசியை என் கையிலேயே தந்து, "கடைக்காரத் தம்பி ஏதோ போட்டுத் தந்தார் ரீச்சர், நீங்களே பாருங்கள்" என்றார். பார்த்தால், கடையின் பெயரும் நாலைந்து இலக்கங்களும். அந்தப் பெட்டியை ஒருவரும் திறந்ததே இல்லை. அதே தாய் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவதில் என்னைவிடக் கெட்டிக்காரி! இப்படிப்பட்டவர்கள் வாட்ஸ்அப்பில் நேரம் சொன்னார்கள். நான் அதை என் நாட்காட்டியில் குறித்தேன். குறித்ததும் அந்த நேரம் பக்கத்தில் இருந்து மறைந்துவிடுகிறது. எனக்கு வேலை கூடியது, ஆனால் நேரம் முட்டிக்கொள்ளவில்லை.

இந்தப் பக்கத்தின் அருமை கட்டாரில் இருக்கும் ஒரு தந்தையால் தெரிந்தது. எங்கள் 2.30 அவருடைய திரையில் பகல் 12.00 என்று அந்த நாட்டு நேரத்திலேயே விழுந்திருக்கிறது. கணக்குப் பார்க்காமல் சாப்பாட்டு இடைவேளையைப் பதிந்துவிட்டார். காணொளியில் பேசுவதற்கான கூகுள் மீட் இணைப்பும் கூடவே போயிற்று. கணிதப் புள்ளியைப் பற்றிப் பேச நான் ஆயத்தமாக இருக்க, மகள் எந்த வாங்கில் இருக்கிறாள் என்றுதான் அவர் முதலில் கேட்டார். தொலைபேசியைத் திருப்பி யன்னலோரத்து இரண்டாவது வாங்கைக் காட்டினேன். மண்டபக் கூட்டத்தில் இதற்கு இடமேது?

முழுப் பாடசாலைக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இலவசக் கணக்கில் ஒரு பக்கம்தான் உருவாக்கலாம், ஆகவே ஆசிரியர் ஒவ்வொருவரும் தனித்தனிப் பக்கம் வைக்க வேண்டும். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு மூன்று ஆசிரியர்களின் மூன்று இணைப்புகள் போகும். அவற்றை ஒரே பின்னேரத்தில் அடுத்தடுத்துப் பொருத்துவது பெற்றோரின் தலையில் விழும். இ.போ.ச (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸை நம்பி வருபவர்களிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. பிரிவுத் தலைவர் ஒரு தாளை எடுத்து, சகோதரர்களை முதலில் அடுத்தடுத்து எழுதிவிட்டு மிச்சத்தை ஆசிரியர்களிடம் விடுவதே நல்லது.

ஒரு வகுப்புக்கு மட்டும் முயல்பவர்கள், குறைந்தது எவ்வளவு நேரத்துக்கு முன் பதிய வேண்டும் என்ற இடத்தில் 24 மணித்தியாலம் என்று போட்டுவிடுங்கள். காலபோக நெல் அறுவடைக் கிழமையை மட்டும் தவிருங்கள். வெட்டு இயந்திரம் வயலுக்கு வரும் நாளை எந்தப் பெற்றோரும் உங்கள் பக்கத்தைப் பார்த்து முடிவுசெய்வதில்லை.